மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பும் பேரிடர் ஆயத்தமும்: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின் மழை சென்னையை முடக்கிப்போட்ட திங்கட்கிழமையன்று, வேளச்சேரியில் எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அமெரிக்க மருத்துவர்களுக்காகக் காப்பீட்டுக் க்ளெய்ம்களைத் தயாரித்து அனுப்பி, பணம் வரும்வரை பின்தொடரும் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட சிறு நிறுவனம் எங்களுடையது. இரவுதோறும் எடுத்துவந்த காப்பு நகல் ஒரு வன்வட்டில் என் வீட்டு அலமாரியில் நனையாமல் இருந்தது. அந்த வட்டைப் பூட்டியிருந்த, விண்டோஸோடு வரும் பிட்லாக்கர் மென்பொருளின் மீட்புச் சாவி அச்சிட்ட தாளாக, அலுவலகத்தின் தரைத்தள அலமாரியில், கீழ்த்தட்டுக் கோப்பு ஒன்றில் தண்ணீருக்குள் இருந்தது. நகல் கையில் இருந்தும் ஆறு நாட்கள் அதைத் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஓராண்டு செலவழித்து, ஒவ்வொன்றாக விசாரித்து, சில இடங்களில் பணத்தையும் வீணாக்கி, இந்த ஏற்பாட்டைச் சரிசெய்தேன். உங்கள் நிறுவனத்தில் ‘கம்ப்ளையன்ஸை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று திடீரெனச் சொல்லப்பட்டிருந்தால், அதுவும் நீங்கள் ஐ.டி. படிக்காமல் மனிதவளத் துறையிலிருந்தோ டீம் லீடர் பொறுப்பிலிருந்தோ வந்தவராக இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

1. மென்பொருள் வாங்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு கிளையண்டுடனும் நீங்கள் கையெழுத்திட்டிருக்கும் ‘பிசினஸ் அசோசியேட்’ ஒப்பந்தத்தின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். நோயாளித் தரவைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் கடமைகள் சென்னையில் இருக்கும் நம்மைக் கட்டுவது பெரும்பாலும் இந்தத் தாளின் வழியாகத்தான். எங்கள் அலுவலகத்தில் ஐந்து கிளையண்டுகளில் இருவரின் ஒப்பந்தம் யாரிடமும் இல்லை. அவர்களுக்கே எழுதிக் கேட்டு வாங்கியபோது, கூச்சமாக இருந்தாலும், யாரும் தவறாக நினைக்கவில்லை.

படிக்கும்போது நான்கு செய்திகளைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தரவுக் கசிவு நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் கிளையண்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது முதலாவது. சட்டம் அதிகபட்சமாக 60 நாட்கள் தருகிறது, ஆனால் ஒப்பந்தங்கள் அதை வெகுவாகச் சுருக்கிவிடும். எங்களிடம் 24 மணி நேரம் கேட்கும் கிளையண்டும் உண்டு, ஐந்து வேலைநாட்கள் தரும் கிளையண்டும் உண்டு. இரண்டாவது, தரவு எந்த நாட்டில், எந்த முகவரியில் இருக்கலாம் என்பது. மூன்றாவது, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டா என்பது. நான்காவது, வேறொரு நிறுவனத்திடம் வேலையைப் பகிர முன்னனுமதி தேவையா என்பது.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. பேரிடர் வந்தால் எல்லோரும் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்பதே பலருடைய திட்டம். வீட்டு வேலையை ஒப்பந்தம் தடுத்திருந்தால் அந்தத் திட்டமே மீறலாகிவிடும். அமெரிக்காவின் சில மாநிலங்களின் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) திட்டங்கள், நோயாளித் தரவை நாட்டுக்கு வெளியிலிருந்து தொடுவதையே தடைசெய்திருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். நான் அக்கறையோடு வன்வட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேனே, அதுவும் இரண்டு ஒப்பந்தங்களின்படி மீறல்தான் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. பேரிடர்க் காலத்துக்கு மட்டுமான மாற்று இடத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், பெரும்பாலான கிளையண்டுகள் ஒரு திருத்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதற்கு மூன்று முதல் ஏழு வாரங்கள் ஆயின. ஆகவே மழைக்காலத்துக்கு வெகு முன்பே கேட்டுவிடுங்கள்.

2. தரவு எங்கெங்கே கிடக்கிறது என்று தேடுங்கள்

‘நம்மிடம் தரவே இல்லை, எல்லாம் கிளையண்டின் சர்வரில் இருக்கிறது, நாம் ரிமோட்டில் பார்ப்பதோடு சரி’ என்று உங்கள் ஐ.டி. ஆள் சொல்வார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கணினியிலும் டவுன்லோட்ஸ் அடைவைத் திறந்து பார்த்தபோது, ஸ்கேன் செய்த ஈ.ஓ.பி. (காப்பீட்டு நிறுவனம் எதற்கு எவ்வளவு கொடுத்தது என்ற விளக்கம்) கோப்புகள், நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் காப்பீட்டு எண்ணும் அடங்கிய எக்செல் வேலைப்பட்டியல்கள், காப்பீட்டு நிறுவனங்களோடு பேசிய அழைப்புப் பதிவுகள் என நான்கு ஆண்டுச் சேமிப்பு வெளிவந்தது.

அதைவிட மோசமான இடம் வாட்ஸ்அப். இரவு ஒரு மணிக்கு ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால், திரையைக் கைபேசியில் படமெடுத்துக் குழுவில் போட்டு ‘இதுக்கு என்ன ரிமார்க் போடுறது’ என்று கேட்பது நம் அலுவலகங்களில் சாதாரணம். அந்தப் படம் குழுவில் உள்ள அத்தனை பேரின் கைபேசியிலும் சேமிக்கப்பட்டு, அவரவர் கூகுள் கணக்குக்கும் ஏறிவிடக்கூடும். வேலையை விட்டுப் போனவரின் கைபேசியிலும் அது அப்படியே இருக்கும். இதைத் தடுக்க மிரட்டல் சுற்றறிக்கை உதவாது. சந்தேகம் கேட்கப் பாதுகாப்பான வேறொரு வழியை, கிளையண்டின் மென்பொருளுக்குள்ளேயே குறிப்பு எழுதும் வசதியையோ நிறுவனம் நிர்வகிக்கும் அரட்டைச் செயலியையோ, முதலில் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கைபேசிகளை வேலைத்தளத்துக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

தேடி முடித்ததும் ஒரு பட்டியல் தயாராகிவிடும்: எந்தக் கருவி, அதில் என்ன தரவு, யார் பொறுப்பு, அது தேவையா. தேவையற்றதை அழிப்பதே மிக மலிவான பாதுகாப்பு, ஏனெனில் இல்லாத கோப்பைத் திருடவும் முடியாது, வெள்ளமும் கொண்டுபோகாது. ஆனால் கிளையண்டிடம் எழுதிக் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள். பழைய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடும் வழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்தி, வட்டுகளை முறையாக அழித்து, அழித்ததற்கான சான்றை வரிசை எண்ணோடு வாங்கி வையுங்கள்.

3. இடர் மதிப்பீட்டை எழுத்தில் வையுங்கள்

ஹிப்பாவின் பாதுகாப்பு விதி முதலில் கேட்பது இந்த ஆவணத்தைத்தான். என்னென்ன ஆபத்து வரலாம், வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம், நாம் என்ன செய்திருக்கிறோம் என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். சிறு, நடுத்தர மருத்துவ அமைப்புகளுக்காக அமெரிக்கச் சுகாதாரத் துறை ஒரு மதிப்பீட்டுக் கருவியை இலவசமாகவே தருகிறது. விண்டோஸ் கணினியில் இறக்கிக் கேள்விகளுக்குப் பதில் நிரப்பினால் அறிக்கை வந்துவிடும். எனக்கு அது இரண்டு வாரங்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், பிடித்தது.

இந்தக் கட்டத்தில்தான் ‘ஹிப்பா சான்றிதழ்’ விற்பவர்கள் உங்களைத் தொடர்புகொள்வார்கள். அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்றிதழை வழங்குவதுமில்லை, தனியார் தருவதை அங்கீகரிப்பதுமில்லை. நாங்கள் அதற்கு எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து, பொன்னிற முத்திரையிட்ட ஒரு தாளை வாங்கி வரவேற்பறையில் மாட்டினோம். முதல் கிளையண்ட் தணிக்கையாளர் அதை ஏறிட்டும் பார்க்காமல் இடர் மதிப்பீட்டைக் கேட்டார். தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001 வேறு விஷயம். அதற்கு உண்மையான தணிக்கை உண்டு, சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும், ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கையும் நடக்கும். பெரிய கிளையண்டுகள் கேட்டால் மட்டும் அதற்குப் போங்கள். ஆலோசகரைச் சேர்க்கும் முன், 2022ஆம் ஆண்டுப் பதிப்பின்படி வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். பழைய வார்ப்புருவையே பெயர் மாற்றித் தருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இந்த ஆவணங்கள் எல்லாவற்றையும், பயிற்சிப் பதிவேடு உட்பட, ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

4. வாசல்களை அடைத்துவையுங்கள்

இதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு வழிக்கும், விதிவிலக்கின்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். 2024 பிப்ரவரியில் க்ளெய்ம்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் இணையத் தாக்குதலால் முடங்கியபோது நம்மில் பலர் வாரக்கணக்கில் க்ளெய்ம் அனுப்ப முடியாமல் தவித்தோம். இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு ரிமோட் வாசலில், திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தார்கள் என்று அதன் தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ விட்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார்.

ஆளுக்கொரு பயனர் பெயர் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத் தளங்களில் ஒரே கணக்கை ஏழு பேர் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் நம் தொழிலின் பழைய நோய்; கூடுதல் கணக்குகள் கேட்டு விண்ணப்பிக்க நேரம் பிடிக்கும், ஆனாலும் விண்ணப்பியுங்கள். வேலையை விட்டு ஒருவர் போகும் நாளிலேயே அவருடைய எல்லா அனுமதிகளையும் நீக்க ஒரு பட்டியல் வைத்து, அதில் மனிதவளத் துறையும் ஐ.டி.யும் கையெழுத்திட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதில் ஓடும் கணினிகளை இடர் மதிப்பீட்டில் குறித்து, மாற்றும் தேதியையும் எழுதுங்கள்.

5. நகலை ஓரிடத்திலும் சாவியை வேறிடத்திலும் வையுங்கள்

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியூரில் என்ற பழைய கணக்கு இன்றும் சரியானதே. ஆனால் வெளியூர் என்பதற்குச் சென்னையில் பொருள் வேறு. வேளச்சேரி அலுவலகத்தின் நகலைத் தாம்பரத்தில் வைத்தால், இரண்டும் ஒரே மழையில் நனையும். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் கோவையோ மதுரையோ ஏற்றது. கொடுக்காவிட்டால் கிளையண்ட் ஒப்புக்கொண்ட மேகச் சேமிப்பில், அவர்கள் சொல்லும் நாட்டில், வைக்க வேண்டும். மூன்று நகல்களில் ஒன்றாவது வலைப்பின்னலோடு ஒட்டாமல், கழற்றி வைக்கப்பட்டதாக இருக்கட்டும். சேஞ்ச் ஹெல்த்கேருக்குள் பிப்ரவரி 12 அன்று நுழைந்தவர்கள் 21ஆம் தேதிதான் கோப்புகளைப் பூட்டினார்கள். அந்த ஒன்பது நாட்களைப் போன்ற ஓர் இடைவெளியில், எப்போதும் இணைந்திருக்கும் நகல் எதுவானாலும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். நேற்றைய நகலை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதை அழித்துவிடும் ஏற்பாடு போதாது என்பதற்கும் அதுவே காரணம். நாங்கள் இப்போது நாள்தோறும் எடுப்பதில் முப்பதும், மாதந்தோறும் எடுப்பதில் பன்னிரண்டும் வைத்திருக்கிறோம்.

நகல்களைக் கட்டாயம் குறியாக்கம் செய்யுங்கள். அதற்குப் பாதுகாப்பைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு: அமெரிக்க வழிகாட்டுதலின்படி முறையாகக் குறியாக்கம் செய்யப்பட்ட மடிக்கணினியோ வட்டோ தொலைந்து, சாவி தொலையாமல் இருந்தால், அதைக் கசிவாக அறிவிக்க வேண்டிய கடமை எழாது. பேருந்தில் மடிக்கணினியை மறந்து இறங்கிய ஓர் ஊழியருக்காக நானே அந்த நிம்மதியை அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் சாவி இல்லாத நகல் இரும்புத் துண்டுக்குச் சமம். எங்கள் வட்டை அலுவலக சர்வரில் செருகினால் தானாகவே திறந்துகொள்ளும்படி அமைத்திருந்தோம். அந்த வசதியினாலேயே கடவுச்சொல்லை யாரும் தட்டச்சு செய்ததில்லை. ஆகவே யாருக்கும் நினைவிலும் இல்லை. சர்வர் தண்ணீரில் போனது, அமைத்துக் கொடுத்தவரின் கைபேசி முடிச்சூரில் அணைந்து கிடந்தது. ஆறாம் நாள் அலமாரியைத் திறந்து, 48 இலக்கச் சாவி அச்சிட்ட தாளை எடுத்து மின்விசிறிக்குக் கீழே உலர்த்தினோம். இங்க்ஜெட் மை கரைந்து, சில இடங்களில் 3 என்பதா 8 என்பதா என்று தெரியவில்லை. பிட்லாக்கர் மீட்புச் சாவியின் ஒவ்வோர் ஆறிலக்கத் தொகுதியும் பதினொன்றால் மீதியின்றி வகுபடும் என்பது தெரிந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்ததால் பிழைத்தோம். ஐயமான இலக்கங்களைப் போட்டுப் போட்டு வகுத்துப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் சாவியை மீட்டார். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வேண்டாம்.

ஆகவே, சாவியை லேசர் அச்சில் இரண்டு பிரதிகள் எடுத்து, முத்திரையிட்ட உறைகளில், ஒன்றை நிறுவனத்தின் வங்கி லாக்கரிலும் மற்றொன்றை வேறு மாவட்டத்தில் உள்ள ஓர் இயக்குநரிடமும் வையுங்கள். உறையின் மேல் வட்டின் அடையாள எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். வட்டு இருக்கும் இடத்தில் சாவி இருக்கக் கூடாது. ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகாத அளவுக்கு அவை விலகியிருக்க வேண்டும். வங்கி லாக்கர் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளிலும் திறக்காது என்பதற்காகத்தான் இரண்டாவது உறை. வட்டை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும், இல்லையேல் பழைய வட்டின் சாவி பத்திரமாக இருக்கும்.

6. நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள்

நகல் எடுக்கும் மென்பொருள் இரவுதோறும் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று மின்னஞ்சல் அனுப்பும். கோப்புகளைப் படித்து எழுதி முடித்தது என்பதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை ஏதேனும் மூன்று கோப்புகளை மீட்டுத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அலுவலகமே இல்லை என்று வைத்துக்கொண்டு, புதிய கணினி ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள். அதைச் செய்பவர் ஏற்பாட்டை அமைத்த ஐ.டி. ஆளாக இருக்கக் கூடாது. எழுதி வைத்த தாளை மட்டும் பார்த்து வேறொருவர் செய்ய வேண்டும். தாளில் விடுபட்ட படிகள் அப்போதுதான் தெரியும். எங்கள் முதல் முயற்சி பதினொரு மணி நேரம் ஆனது. மென்பொருளின் உரிம எண் எங்கே என்று தேடியதிலேயே மூன்று மணி நேரம் போயிற்று.

இதோடு இரண்டு எண்களை முடிவு செய்யுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் வேலை மீண்டும் தொடங்க வேண்டும், எத்தனை மணி நேர வேலையை இழந்தால் தாங்கும் என்பவையே அவை. முதலாவதை ஐ.டி. உலகம் ஆர்.டி.ஓ. என்று அழைக்கிறது, கூட்டத்தில் அதைச் சொன்னதும் எங்கள் நிர்வாக அலுவலர் வண்டிப் பதிவு சம்பந்தமான பேச்சு என்று நினைத்துக்கொண்டார், ஆகவே நாங்கள் தமிழிலேயே ‘மீளும் நேரம்’ என்று எழுதிவிட்டோம். எல்லா வேலைக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கேரின் க்ளெய்மைச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பலாம், ஆனால் தனியார் காப்பீடுகளில் 90 நாள் கெடு உள்ளவையும் உண்டு. கெடு நெருங்கும் க்ளெய்ம்களும் மேல்முறையீடுகளும் முதலில் மீள வேண்டும், பழைய கணக்குகளின் பின்தொடர்தல் நான்கு நாள் காத்திருக்கலாம்.

7. மின்சாரம், இணையம், ஆட்கள்

சர்வர், சுவிட்ச், யு.பி.எஸ்., அதன் பேட்டரிகள் எதுவும் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ இருக்கக் கூடாது. அலுவலகம் மேல் மாடியில் இருந்தாலும், கட்டடத்தின் ஜெனரேட்டரும் இணையம் உள்ளே வரும் பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று கீழே இறங்கிப் பாருங்கள். தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக இ.பி.யே மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த நிலையில் டீசல் வாங்கி வரவும் வழி இருக்காது. இரண்டாவது இணைய இணைப்பை வேறு நிறுவனத்திடம் வாங்கினாலும், இரண்டு கம்பிகளும் ஒரே கம்பத்தில் தொங்கினால் பயன் குறைவு. இணைப்பு கொடுக்க வருபவரிடமே, கம்பி எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேளுங்கள், சொல்வார்கள்.

மிக்ஜாமின்போது கைபேசிக் கோபுரங்களும் அடங்கின. ஒருவர் ஐவரை அழைப்பது, அந்த ஐவர் ஆளுக்கு ஐவரை அழைப்பது என்று நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு முதல் படியிலேயே நின்றது. இப்போது திருச்சியிலிருந்து வேலை செய்யும் ஓர் ஊழியரை மையப் புள்ளியாக வைத்திருக்கிறோம். சிக்னல் கிடைக்கும்போது ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். யார் பத்திரம், யாரிடம் மின்சாரம் இருக்கிறது, யார் வேலை செய்யக்கூடும் என்ற கணக்கை அவர் வைத்துக்கொள்வார். அழைப்பு இணையாத நேரத்திலும் குறுஞ்செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஊழியர் வீட்டில் தண்ணீர் புகுந்திருக்கும்போது அவரை ஷிப்டுக்கு எதிர்பார்க்காதீர்கள். வேலைத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களே இருப்பார்கள் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

8. கணினி இல்லாமல் படிக்கக்கூடிய திட்டம்

ஹிப்பா கேட்கும் அவசரத் திட்டத்தில் நகல் திட்டம், மீட்புத் திட்டம், அவசர நிலையில் வேலையைத் தொடரும் திட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம். இணையத்தில் கிடைக்கும் எண்பது பக்க வார்ப்புருவை நிரப்பித் தணிக்கைக்கு வையுங்கள், தவறில்லை. ஆனால் இரவுப் பணி மேற்பார்வையாளர் டார்ச் வெளிச்சத்தில் படிக்கக்கூடிய நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றும் வேண்டும். அதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் கிடைக்காவிட்டால் யாருக்கு, ஒவ்வொரு கிளையண்டின் அவசரத் தொடர்பு, முதலில் மீள வேண்டிய வேலைகள், உறைகள் இருக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். லேமினேட் செய்து மூன்று பேர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். நோயாளித் தரவு அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

பேரிடர் உங்கள் வாசலில்தான் நேர வேண்டும் என்பதில்லை. க்ளெய்ம்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிவைக்கும் இடைநிலை நிறுவனமான உங்கள் கிளியரிங்ஹவுஸ் முடங்கினால் மாற்று எது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இன்னொரு கிளியரிங்ஹவுஸில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்வழிப் பதிவு செய்ய நாட்களும் சில வேளை வாரங்களும் ஆகும். முடங்கிய பிறகு தொடங்கினால் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள். இந்தப் பதிவுக்கு மருத்துவரின் கையெழுத்து தேவைப்படலாம் என்பதால் கிளையண்டின் ஒத்துழைப்பும் வேண்டும்.

9. கசிவு நேர்ந்தால் ஓடும் கடிகாரங்கள்

ஒரே நிகழ்வுக்குப் பல கெடுக்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். மிகக் குறுகியது நம் நாட்டுடையது: இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 ஆணையின்படி, இணையத் தாக்குதலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும், கட்டணமில்லா எண் 1800-11-4949. முழு விவரம் தெரியாவிட்டாலும் தெரிந்ததைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, மற்றதைப் பிறகு சேர்க்கலாம். அதே ஆணை, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. பணம் பறிபோயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்க வேண்டும்.

அடுத்தது, முதல் படியில் நீங்கள் குறித்துவைத்த கிளையண்ட் கெடு. நமக்கு இரவு இரண்டு மணி என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியிருக்கும். மின்னஞ்சலோடு விடாமல் அவசர எண்ணை அழைத்து, அழைத்த நேரத்தை எழுதிவையுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் விஷயத்தில், தரவு வெளியே போனதற்குச் சான்று இல்லையே என்று சும்மா இருக்க முடியாது. ஆபத்து குறைவு என்பதை எழுத்தில் நிறுவாதவரை அதைக் கசிவாகவே கருத வேண்டும் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறையின் நிலை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பலருக்குக் குழப்பம். வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டில் இருப்பவர்களின் தரவைக் கையாளும்போது, அந்தச் சட்டத்தின் பல கடமைகளிலிருந்து நமக்கு விலக்கு உண்டு. தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யும் கடமைக்கு விலக்கு இல்லை, அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் ஊழியர்களின் ஆதார், பான், வங்கி விவரங்களுக்கோ இந்த விலக்கு கிடையாது. 2025 நவம்பரில் வெளியான விதிகள் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கின்றன. மனிதவளத் துறையின் அலமாரியையும் இந்த ஏற்பாட்டுக்குள் இப்போதே கொண்டுவாருங்கள்.

பெரிய பொறி ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியை உடனே ‘ஃபார்மேட்’ செய்துவிட வேண்டும் என்று சர்வீஸ் ஆள் துடிப்பார். இணையக் கம்பியைக் கழற்றுங்கள், கணினியை அப்படியே விடுங்கள். என்ன திருடு போனது என்பதற்கான தடயம் அதற்குள்தான் இருக்கிறது. பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்ற யோசனை வந்தால், 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்த பிறகும் சேஞ்ச் ஹெல்த்கேரின் தரவை வைத்து இன்னொரு கும்பல் மிரட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

10. செலவும் காலமும்

எங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு ஆன செலவைச் சொல்கிறேன், உங்களுக்கு மாறலாம். 2 டெராபைட் வட்டுகள் மூன்று, ஒன்று ஆறாயிரத்தை ஒட்டி. இரண்டாவது இணைய இணைப்பு மாதம் ஆயிரத்துச் சொச்சம். சர்வரையும் யு.பி.எஸ்.ஸையும் இரண்டாம் மாடிக்கு மாற்றக் கம்பி வேலையோடு தொண்ணூறாயிரம். இதைத்தான் முதலாளி மூன்று மாதம் தள்ளிப்போட்டார். வெளியாரின் பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு லட்சத்தை ஒட்டிக் கேட்டார்கள், அதைக் கிளையண்ட் கேட்ட பிறகே செய்தோம். இடர் மதிப்பீடு, தாள்கள், பயிற்சி, ஒத்திகை ஆகியவற்றுக்கு நேரம்தான் செலவு. தீ மற்றும் வெள்ளத்துக்கான காப்பீட்டுப் பாலிசி இருந்தால், அது கணினிக்குப் பணம் தருமா, தரவை மீட்கும் செலவுக்கும் தருமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்குக் கணினிக்கு மட்டும் கிடைத்தது, அதுவும் வரிசை எண் பட்டியலைக் காட்டிய பிறகு.

காலத்தை வடகிழக்குப் பருவமழையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கும் என்றால், ஏப்ரலில் ஒப்பந்தங்கள், மே மாதத்தில் தரவுத் தேடல், ஜூனில் இடர் மதிப்பீடு, ஜூலையிலும் ஆகஸ்டிலும் மின்சாரமும் நகலும், செப்டம்பரில் முழு ஒத்திகை. ஒத்திகையை ஒரு வெள்ளி இரவுப் பணி முடிந்த சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அப்போது வெள்ளி மாலை அலுவலகங்கள் மூடியிருக்கும். ஒத்திகையில் எதையாவது உடைத்துவிட்டாலும், திங்கள் மாலை ஷிப்ட் தொடங்குவதற்குள் சரிசெய்ய இரண்டரை நாட்கள் கிடைக்கும்.